போர்டுப் பெண்ணுக்கு வந்த அழைப்பு

எங்கள் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருக்கும் டீச்சரைப் பற்றித் தெருவில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். இல்லாத ஒரு பெண்ணுக்கு வேலை கேட்டுக் கடிதம் போட்டு ஊரை ஏமாற்றப் பார்த்தவர் என்கிறார்கள் சிலர். பாவம், மறை கழன்றவர் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டுமே உண்மை இல்லை. நான் அவருடைய வகுப்பில் இருந்தவள். அவர் அறைக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடை என் அப்பாவுடையது. படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல், கடையில் தாள் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிற்கிறது.

பள்ளியில் அவருக்கு ஜன்னல் மிஸ் என்று பெயர். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் ஜன்னலைப் பார்ப்பார், அவ்வளவுதான். வெளியே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு மதில், மதில் மேல் ஒரு பூனை. சில நாள் பூனையும் இருக்காது. "மிஸ் கிளம்பிட்டாங்கடா" என்று அரட்டை கிசுகிசுப்பான். அரட்டை எங்கள் வகுப்பின் வாய். நாங்கள் காத்திருப்போம். கொஞ்ச நேரத்தில், விட்ட சொல்லிலிருந்தே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். ஒரு சொல்லைக்கூட வழியில் சிந்தியிருக்க மாட்டார்.

பள்ளிக்கு வரும் முன் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தபால் பிரிவில் பல வருடம் இருந்தவர். காலையில் மூட்டையாக வரும் தபாலைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, எந்த மேசைக்குப் போக வேண்டுமோ அந்தத் தட்டில் போடுவது வேலை. அதில் வேலை கேட்டு வரும் கடிதங்களும் இருக்கும். முத்திரை குத்துகிற சாக்கில் அவற்றை வாசித்துவிடுவார். வாசித்தவை பிறகு எங்கே போய் விழுகின்றன என்பதையும் பார்ப்பார். தபால் குறைந்து எல்லாம் கணினிக்குப் போனபோது அவர் மேசையையும் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகுதான் எங்கள் பள்ளிக்குத் தற்காலிகமாக வந்தார். வாரம் முழுக்க நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எங்களுக்கு பயோடேட்டாவும் விண்ணப்பக் கடிதமும் எழுதக் கற்றுத்தர வேண்டும்.

பள்ளி வேலை கிடைத்த கையோடு எங்கள் மாடி அறைக்கு வந்தார். அதுவரை அக்கா வீட்டில், ஹாலில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவர். தனக்கென்று ஓர் அறை அவருக்கு அதுதான் முதல் தடவை. வந்த புதிதில் மாலை நேரங்களில் கதவைப் பூட்டுவதும் திறப்பதுமாகச் சத்தம் கேட்கும். "உங்க டீச்சர் பூட்டு ரிப்பேர் பண்றாங்களா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். இல்லை. சாவி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கடை வாசலில் நின்றபடியே மாடிக்குக் குரல் கொடுப்பார்.

"ஏண்டி, உனக்குன்னு ஒரு ரூமு, ரூமுக்குன்னு ஒரு சாவி, சாவிக்குன்னு ஒரு வளையம். நாளைக்கு அந்த வளையத்துக்கு ஒரு வீடு பார்ப்பியா?"

"மேல வாயேன்க்கா."

"மாட்டேன். மேல வந்தா உனக்கு வீடு இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தற்காலிக வேலைய நம்பி வாடகைக்கு வந்திருக்கா பாருங்கண்ணா" என்று அப்பாவிடம் திரும்புவார். "வேலை போற அன்னிக்கு நானே வண்டி எடுத்துட்டு வந்து இவளக் கூட்டிட்டுப் போறேன். ஃபிரிட்ஜ் பக்கத்து இடம் அப்படியேதான் இருக்கு."

அக்கா கெட்டவர் இல்லை. அந்த இடத்தை உண்மையிலேயே யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

எங்கள் வகுப்பு பழைய ஆய்வகத்தில் நடந்தது. பெஞ்சு கிடையாது, உயரமான ஸ்டூல்கள். ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் வராத ஒரு குழாய். பிற்பகல் வெயில் அலமாரிக் கண்ணாடிச் சாமான்களுக்குள் புகுந்து சுவரெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக நீந்தும். வாரக் கடைசி, பாதித் தூக்கம். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

முதல் வகுப்பில் மிஸ் கேட்டார். "உங்களுக்கு என்னென்ன தெரியும்னு ஆளுக்கு நாலு வரி எழுதுங்க."

யாரும் பேனாவை எடுக்கவில்லை.

"ஒண்ணும் தெரியாது மிஸ்" என்றாள் சோடாபுட்டி. கனத்த கண்ணாடி போட்ட, எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வருகிற பெண்ணே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் கதி என்ன?

"எனக்குப் பேசத் தெரியும் மிஸ்" என்றான் அரட்டை.

"அது தெரியாதவங்க யாரும் இங்க இல்ல."

"மௌனம் இருக்கானே மிஸ்!"

எல்லோரும் சிரித்தோம். கடைசி ஸ்டூலில் இருந்த மௌனமும் சத்தம் வராமல் சிரித்தான். அவன் வருகைப் பதிவுக்கே கையை மட்டும்தான் தூக்குவான்.

மிஸ் ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "சரி, உங்களைப் பத்தி வேண்டாம். இவளைப் பத்தி எழுதலாம்" என்று போர்டில் ஒரு கட்டம் போட்டார். "ஸ்கூல் முடிக்கப்போற ஒரு பொண்ணு. லீவுல வேலை தேடுறா. இவளுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுங்க. நிஜமா உங்களுக்குத் தெரிஞ்சதா இருக்கணும். யார் கொடுத்ததுன்னு சொல்ல வேண்டாம்."

அலமாரியிலிருந்து பெரிய கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்து வைத்தார். சீட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தன்னைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியாதவர்கள், இல்லாத ஒருத்திக்கு அள்ளிக் கொடுத்தார்கள்.

அவள் மோட்டார் சத்தத்தை வைத்தே மாடித் தொட்டி நிறைந்துவிட்டதைச் சொல்லிவிடுவாள். ஓடாத ஜிப்பை ஓட வைப்பாள். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வாள். கோபமாக வருகிறவர்களை முழுசாகப் பேசி முடிக்க விடுவாள். தம்பிக்குத் தினமும் கதை சொல்வாள், ஒரு கதையை மறுபடி சொன்னதில்லை. பெரியப்பாவின் கிறுக்கல் கையெழுத்தை அவளால் மட்டும்தான் வாசிக்க முடியும்.

மிஸ் ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, மனசுக்குள் வாசித்து, பிறகு வாய்விட்டு வாசிப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தனக்கு வந்த கடிதத்தை வாசிப்பவர் போல இருப்பார்.

பெயர் வைப்பதற்குள் ஒரு பீரியட் சண்டையில் போயிற்று. கடைசியில் எங்களில் யார் வீட்டிலும் இல்லாத ஒரு பெயரை வைத்தோம். ஆனாலும் எங்களுக்கு அவள் போர்டுப் பொண்ணுதான். வாரத்துக்கு வாரம் வளர்ந்தாள். மழை பெய்தால், "அவ குடை எடுத்துட்டு வந்திருப்பாளா?" என்று யாராவது கேட்பார்கள். "எடுத்துட்டு வந்து யாருக்காவது குடுத்துட்டு நனைவா. அவ அப்படித்தான்" என்று இன்னொருவர் சலித்துக்கொள்வார். அரட்டைக்கு அவள் மேல் ஒரு இதுகூட இருந்தது என்று நினைக்கிறேன். கேட்டால் அடிக்க வருவான்.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய மிஸ் என்போம். பரீட்சைக்கு முந்தைய பருவத்தில் அவர் ஒருநாள் வகுப்புக்கு வந்தார். போர்டை மேலிருந்து கீழே வாசித்தார்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"மாதிரிக்கு மேடம்" என்றார் மிஸ்.

"மாதிரி நல்லாத்தான் இருக்கு. நம்ம பசங்க?" வாசலுக்கு வெளியே அழைத்துப்போய்ப் பேசினார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூல் என்னுடையது. "கணக்கு சார் இந்தப் பீரியடைக் கேக்குறார். நான் என்ன பதில் சொல்றது? லீவு வேலைக்கு நிஜமா எழுதிப் போடச் சொல்லுங்க. ஒருத்தருக்காவது அழைப்பு வந்தா அடுத்த வருஷமும் வகுப்பு உண்டு, நீங்களும் உண்டு. வரலைன்னா டைம்டேபிள் போடும்போது என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

உள்ளே வந்த மிஸ்ஸின் கை சேலை முந்தானையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. சாவி.

அடுத்த வெள்ளிக்கிழமை, அக்கம்பக்கத்துக் கடைகள், அலுவலகங்களின் முகவரிகளோடு வந்தார். எல்லாக் கவரிலும் தபால்தலை தயாராக ஒட்டியிருந்தது. "ஈமெயில் பண்ணலாமே மிஸ்" என்றோம்.

"கையில பிடிச்ச காகிதத்தைத் தூக்கிப் போட ஒரு நிமிஷமாவது யோசிப்பாங்க. அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கு வேணும்."

எழுதினோம். அந்தக் கடிதங்களை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நான் கடின உழைப்பாளி. நான் நேர்மையானவன். எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன். பொழுதுபோக்கு, தொலைக்காட்சி பார்ப்பது. முப்பது கடிதமும் ஒரே அச்சில் வார்த்த சோப்புக்கட்டி மாதிரி. நல்லதையெல்லாம் போர்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோமே, அதைத் திரும்ப எடுத்து நமக்குப் போட்டுக்கொள்வது திருட்டு போலத் தோன்றியது. மிஸ், ஓரத்தில் இடம் விட்டிருக்கிறதா, தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் மனசு போர்டிலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

கவரில் போட்டு ஒட்டும் பொறுப்பு சோடாபுட்டியுடையது. கடைசியில் ஒரு கவர் மிச்சம். பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் அலுவலகம் என்று முகவரி. பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை வைத்திருக்கும் இடம். யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

"தொலைஞ்சு போனவங்கதான் அங்க வேலைக்குப் போவாங்க" என்றான் அரட்டை.

"ஸ்டாம்ப் ஒட்டியாச்சேடா. வீணாப் போகுமே" என்றாள் சோடாபுட்டி. அவளால் பென்சிலின் கடைசித் துண்டைக்கூடத் தூக்கிப் போட முடியாது. மிஸ் எங்களுக்கு மாதிரியாகத் தட்டச்சு செய்து கொடுத்த போர்டுப் பெண்ணின் பயோடேட்டாவும் கடிதமும் மேசையில் கிடந்தன. முகவரி எல்லாருக்கும் பொதுவாகப் பள்ளிக்கூட முகவரிதான். "இவதான் பாக்கி" என்று சொல்லி உள்ளே போட்டாள். அரட்டை அவள் பெயரில் வளைத்து வளைத்து ஒரு கையெழுத்துப் போட்டான். மிஸ் அப்போது ஜன்னலில் இருந்தார்.

பிறகு காத்திருந்தோம். தபால்காரர் வரும் நேரத்தில் மிஸ் நூலகத்தை விட்டு வராந்தாவில் நடப்பார். தபால்காரர் வருவார், போவார். மிஸ் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சின்னவராகத் திரும்பிப் போவார்.

ஒருநாள் முற்பகலில் ஒலிபெருக்கி கரகரத்தது. பெரிய மிஸ்ஸின் குரல், சந்தோஷத்தில் ஒரு படி மேலே ஏறி ஒலித்தது. விடுமுறை வேலைக்கு அழைப்பு வந்திருக்கும் மாணவி உடனே அலுவலகத்துக்கு வரவும் என்று சொல்லி, ஒரு பெயரை வாசித்தார்.

நாங்கள் வைத்த பெயர். அதைப் பள்ளிக்கூடம் முழுக்க ஒலிக்கக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் எங்கேயோ எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, வராந்தாவில் நடந்து வருகிறாள் என்றே ஒரு கணம் தோன்றியது. பெயர் மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் வந்தது.

"செத்தோம்" என்றாள் சோடாபுட்டி.

மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் கூடினோம். மிஸ் கையில் அந்த அழைப்பு. யாரும் வராததால், அந்த மாணவி அன்று லீவு என்று நினைத்துப் பெரிய மிஸ் அவரிடமே கொடுத்திருந்தார். சோடாபுட்டி எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். மிஸ் திட்டவில்லை. "இவளக் கூப்பிட்டிருக்காங்க" என்றார். "உங்க ஒருத்தரையும் கூப்பிடல, இவளக் கூப்பிட்டிருக்காங்க." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கனவில் கண்டதைச் சொல்வது போலச் சொன்னார்.

"நான் போறேன் மிஸ்" என்றாள் சோடாபுட்டி. "அவ பேர்லயே போறேன். தெரியவா போகுது?"

"ஒரு அழைப்பு வந்தாப் போதும்னுதானே பெரிய மிஸ் சொன்னாங்க? வந்துடுச்சு. ஆளை யாரு பார்க்கப்போறா?" என்றான் அரட்டை. "நீங்க பேசாம இருங்க மிஸ். இந்த வருஷத்தத் தள்ளிடலாம்."

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் ஜன்னலைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் அங்கே இருந்ததே இல்லை. மதில் மேல் வெயில் நகர்ந்தது. அவர் அறையை நினைத்தாரா, ஃபிரிட்ஜின் உறுமலை நினைத்தாரா, எனக்குத் தெரியாது. தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். ஆட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

"அவ பேர்ல நீ போனா" என்றார் கடைசியில், "உன் பேர்ல யாரு போவாங்க?"

சாயங்காலமே புறப்பட்டார். சோடாபுட்டி கூட வந்தே தீருவேன் என்றாள், அவளுக்குத் துணையாக நான்.

தொலைந்த பொருள் அலுவலகம் பஸ் நிலையத்தின் பின்பக்கம், பஸ்கள் கழுவும் இடத்தைத் தாண்டி இருந்தது. உள்ளே நுழைந்ததும் வெளிச் சத்தம் நின்றுபோனது. கூரை வரை தட்டுகள். ஒரு தட்டு முழுக்கக் குடைகள், தலைகீழாகத் தூங்கும் வௌவால்கள் போல. ஒற்றைச் செருப்புகள். மூக்குக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி. ஒரு பெரிய ஊதுகுழல். ஒரு பல்செட். எங்கோ பல கைக்கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தில் டிக்டிக் என்றன. எல்லாம் யாருக்காகவோ காத்திருந்தன.

மேலாளர் ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாம்மா, வா! நீதானா?" என்று சோடாபுட்டியைக் கேட்டார்.

"இல்ல சார்" என்றார் மிஸ். "அப்படி ஒரு பொண்ணே இல்ல."

சொல்லி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே கேட்டார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். சாவுச் செய்தி கேட்டவர் போல இருந்தது முகம்.

"ஸ்டூலைக்கூடத் துடைச்சு வெச்சிருந்தேனே" என்றார். "இங்க வர்றவங்க எல்லாம் எங்க மேல பாய்வாங்க, நாங்கதான் எடுத்த மாதிரி. பேசி முடிக்க விடுவான்னு எழுதியிருந்தீங்க. செருப்பப் பாத்தே ஆளச் சொல்லுவான்னு. நாலஞ்சு நாளா மனசுக்குள்ள அவகூடப் பேசிக்கிட்டேதான் வேலை பாக்குறேன். எல்லாம் கட்டுக்கதையா?"

"இல்ல சார். ஒவ்வொரு வரியும் நிஜம். ஆள்தான் இல்ல."

மேலாளர் தட்டுகளைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "இங்க எல்லாமே அப்படித்தானேம்மா. சாமான் நிஜம், ஆள்தான் இல்ல."

அப்போது ஓர் அம்மாள் மூச்சு வாங்க வந்தார். கறுப்புக் கைப்பை, நேற்று காலை பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றார். "கறுப்புப் பை இருபது இருக்கும்மா. உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச அடையாளம் ஒண்ணு சொல்லுங்க. அது இல்லாம எதையும் குடுக்கக் கூடாது, இங்க அதான் வழக்கம்" என்றார் மேலாளர். அந்த அம்மாள் தயங்கினார். உள் அறையில் ஒரு பால்பல் இருக்கும் என்றார், தாளில் மடித்து. மகளுடையது. மகளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது என்று வெட்கத்தோடு சொன்னார். பை வந்தது. பல் இருந்தது.

மிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஜன்னல் கிடையாது. ஆனாலும் கிளம்பிப் போயிருந்தார்.

வெளியே வந்ததும், "தப்பு என்னோடது" என்றார். "சாமானையெல்லாம் வாங்கி ஒரே பையில போட்டேன். யாரோடதுன்னு கேக்கவே இல்ல."

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரிய மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னார். பெரிய மிஸ் அதற்குள் அழைப்பு வந்த சேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, முந்தின நாள் சாயங்காலப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லியிருந்தார். அறையிலிருந்து குரல் கேட்டது. "இல்லாத பொண்ணை நான் மைக்குல மூணு தடவை கூப்பிட்டிருக்கேன்! மூணு தடவை!" சாயங்காலமே அடுத்த வருட டைம்டேபிள் வந்துவிட்டது. வெள்ளி, கடைசி பீரியட், கணக்கு.

எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே வெள்ளிக்கிழமை. மிஸ் வழக்கம்போல வந்தார். போர்டில் போர்டுப் பெண்ணின் வரிகளை எல்லாம் எழுதினார்.

"அவங்கவங்க வரிய வந்து எடுத்துக்கோங்க. சும்மா எடுக்க முடியாது. உங்களோடதுதான்னு அடையாளம் சொல்லணும். உங்களுக்கு மட்டுமே தெரிஞ்சது."

முதலில் அரட்டை போனான். கதை சொல்லும் வரியைத் தொட்டான். யாரும் எதிர்பார்க்கவில்லை. "என் தம்பிக்கு வலிப்பு வரும் மிஸ். தூங்கினா வந்துடும்னு பயப்படுவான். தெரிஞ்ச கதைன்னா பாதியில பயம் திரும்ப வந்துடுது. அதனால புதுசா சொல்லணும்." அழித்துவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் வாயை ஒருவரும் கிண்டல் செய்யவில்லை, அன்று ஒருநாளாவது.

சோடாபுட்டி ஜிப்பை எடுத்துக்கொண்டாள். "மெழுகுவத்தி தேய்ப்பேன் மிஸ். பழைய பை மாமா பொண்ணோடது, எனக்கு வந்தப்பவே ஓடல. ஓடலன்னா புதுசு கேக்கணும். கேக்கப் பிடிக்கல." நான் செருப்பு வரியை எடுத்துக்கொண்டேன். என் அடையாளத்தை மிஸ்ஸிடம் சொன்னேன், இங்கே எழுதவில்லை. வெயில் சுவரில் நீந்திக்கொண்டே இருந்தது. ஒருவர் எடுக்க எடுக்க அவள் கரைந்துகொண்டே வந்தாள். யாருக்கும் துக்கமாக இல்லை.

கோபமாக வருகிறவர்களைப் பேச விடும் வரி மிஞ்சியது. மௌனம் எழுந்து வந்தான்.

"எங்க அப்பா கத்துவாரு மிஸ்" என்றான். அவன் குரல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. "நடுவுல பேசினா இன்னும் கத்துவாரு. முடிக்க விட்டா, கடைசியில ஒண்ணு சொல்லுவாரு. அதுதான் நிஜக் காரணம். பெரும்பாலும் கால் வலின்னு சொல்லுவாரு."

அன்று எழுதிய கடிதங்களை அப்பாவின் கடையில்தான் நகல் எடுத்தோம். அப்பா ஒவ்வொன்றையும் கண்ணாடி மேல் வைத்து மூடுவதற்கு முன் வாசித்தார். "இது யாருப்பா?" "இது யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த முறை அவரவர் வீட்டு முகவரி.

விடுமுறைக்குப் பள்ளி மூடியது. மிஸ்ஸின் கடைசிச் சம்பளத்தோடு சேர்த்து நன்றி என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அவர் யாரிடமும் புலம்பவில்லை. ஒருநாள் மட்டும் மாடியில் நாள் முழுக்கச் சத்தமே இல்லை. மறுநாள் காலை கையில் ஒரு கவரோடு இறங்கித் தபால்பெட்டி வரை போய் வந்தார்.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. வண்டியோடு வந்து இறங்கினார். "எங்கடி பாய்? எங்கடி பெட்டி?" இந்த முறை மாடிக்கே ஏறினார். கூட்டிப் போக வந்ததால் ஏறலாம் என்று நினைத்திருப்பார். பெட்டியை இறக்க நான் உதவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தபால்காரர் வந்து அப்பாவிடம் ஒரு கடிதம் கொடுத்தார்.

அப்பா பிரித்தார். நின்றபடி வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு கூரையைப் பார்த்து, "டீச்சர்!" என்று கத்தினார்.

மிஸ் படியில் நின்றார்.

"மேல இருந்து கீழ வர்றதுக்கு உங்க கடிதம் ரெண்டு நாள் சுத்தியிருக்கு. ஒரு குரல் குடுத்தா ஆகாதா?"

"ஆகாதுண்ணா" என்றார் மிஸ். முகம் சிவந்திருந்தது. "குரல் குடுத்தா உதவி கேட்ட மாதிரி இருக்கும். இது விண்ணப்பம்."

அந்தக் கடிதத்தை நானும் வாசித்தேன். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் விண்ணப்பம் அது. காப்பீட்டு வேலையும் பள்ளி வேலையும் யார் யாரோ சொல்லிக் கிடைத்தவை. உங்கள் கடைக்கு விண்ணப்பம் நகலெடுக்க வருகிறவர்கள் எழுதத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதை மாடிப் படியிலிருந்து பார்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அவர்களைக் கேட்டு எழுதித் தர எனக்கு ஒரு நாற்காலி வேண்டும். என் அடையாளம்: மூடிய கவரைக் கையில் வாங்கினால் உள்ளே இருப்பவர் பயந்து எழுதினாரா, நம்பி எழுதினாரா என்று சொல்லிவிடுவேன். பேனா தாளில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது வெளியிலிருந்தே விரலுக்குத் தெரியும்.

அப்பா கவரைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். "கல்லாவுக்குப் பக்கத்துல இடம் இருக்கு" என்றார். "எழுத வர்றவங்க குடுக்கறதுல பாதி உங்களுக்கு. நாற்காலி மட்டும் கொஞ்சம் ஆடும்."

"இப்ப என்ன, வர்றியா இல்லையா?" என்றார் அக்கா. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

மிஸ் பதில் சொல்வதற்குள் மௌனம் ஓடி வந்தான், கையில் பஸ் கம்பெனியின் கடிதம். விடுமுறை முழுக்கத் தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை. பேச வந்தவன் பேசாமல் கடிதத்தை மட்டும் நீட்டினான். மிஸ் வாசித்தார். வாசித்துவிட்டு அவன் தலையில் கையை வைத்தார். பெரிய மிஸ்ஸிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றேன் நான். "டைம்டேபிள் ஒட்டியாச்சும்மா" என்றார்.

அக்கா அப்பா கையிலிருந்த மிஸ்ஸின் கடிதத்தை வாங்கி ஓரமாக நின்று வாசித்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்தார். நாற்காலியை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார்.

"இதுல உக்காந்தா விழுவா" என்றார் அப்பாவிடம். "காலுக்கு அடியில எதையாவது குடுங்கண்ணா." தன் கைப்பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து மடித்து, குனிந்து, தானே நாற்காலிக் காலுக்குக் கீழே செருகினார். மறுபடி ஆட்டினார். நின்றது.

"பெட்டிய மேல கொண்டுபோய் வைம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வந்த வண்டியிலேயே ஏறிப் போனார்.